பதினாலு ஊசி

ராயக்கோட்டைச் சந்தையில் என்னைக் கடித்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கடித்துவிட்டு அது தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. என்னைத்தான் கிருஷ்ணகிரியில் அத்தை நர்சாக இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று. அறுபதுகளின் கடைசி, எனக்கு எட்டு வயது. முதல் நாள் நான் போட்ட கூச்சலில், பல் பிடுங்க வந்த ஒருவர் பல்லோடே திரும்பிப் போனாராம். அத்தை இதை என் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னாள்.

மூன்றாம் நாள் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். இரண்டு கையிலும் கட்டு. கூட வந்த ஆள், தன் அக்கா மகள் என்றான். சோறு வடிக்கும்போது கஞ்சியைக் கொட்டிக்கொண்டாளாம். அத்தை அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் அவன் வாயிலிருந்தே வந்தது. பெயரைக்கூட அவன்தான் சொன்னான்.

அன்று ஊசிக்குப் பயந்து பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டேன். காலைப் பிடித்து இழுத்தார்கள். முதலில் டவுசர் மட்டும் வந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்த முடியாமல் முழங்கையை மடக்கிப் பொத்திக்கொண்டாள். மறுநாள் அவளைச் சிரிக்க வைக்கவே அலறினேன் என்று சொல்ல ஆசைதான். அலறல் என்னவோ அசல்.

ஐந்தாம் நாள், அந்த ஆள் பீடி பிடிக்க வெளியே போனதும் அவள் மெதுவாகக் கேட்டாள்:

"நீ எத்தினி நாளு வரணும்?"

"பதினாலு."

வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அந்த நாயி எங்க இருக்குது? என்னையும் கடிக்குமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அத்தையிடம் ஓடிக் கோள் சொன்னேன்: என்னைக் கேலி பண்ணுகிறாள், நல்லாத் திட்டு. அத்தை திட்டவில்லை. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணின் கட்டைப் பிரித்து விரல் விரலாகப் பார்த்தாள். பத்து விரல் நுனியும் ஊறி வெளுத்து உரிந்திருந்தது.

அப்போதெல்லாம் மருந்துத் தண்ணீருக்கு நாமே பாட்டில் கொண்டுபோக வேண்டும். அந்த ஆள் உள்ளே வந்ததும், கடைவீதியில் ஒரு பாட்டில் வாங்கி வரும்படி அத்தை சொன்னாள். நான்தான் பெரிய பரோபகாரியாயிற்றே.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குது மாமா" என்று நீட்டினேன்.

அத்தை பார்த்த பார்வையில் பாட்டில் கை நழுவித் தரையில் விழுந்து தூளாயிற்று. அவன் முனகிக்கொண்டே கடைக்குப் போனான்.

அத்தை கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து தெலுங்கில் பேசினாள். சுடுதண்ணி, பட்டுக்கூடு, விடிகாலை என்று ஏதேதோ காதில் விழுந்தது. கொதிநீரில் கூட்டைப் போட்டு நூல் எடுக்கும் பட்டறையில் அவளை வேலைக்கு வைத்திருந்தவன் அவன் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அவன் திரும்பி வந்தபோது டாக்டரம்மா நின்றிருந்தார். பிள்ளையை வார்டில் சேர்க்க வேண்டும், அம்மா வந்தால்தான் அனுப்புவோம் என்றார். அவன் மல்லுக்கு நின்றான்.

"சரி, உங்க அக்கா பேரு என்ன?"

ஏதோ ஒரு பெயர் சொன்னான்.

"எங்கம்மா பேரு அது இல்ல" என்றாள் அவள். அவன் எதிரில் அவள் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா போலீஸுக்கு ஆள் அனுப்பச் சொன்னதும் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு அவன் காணாமல் போனான். அவள் ஊர்ப் பக்கம் போகும் வேப்பனப்பள்ளி பஸ் கண்டக்டர் மூலம் அவள் அம்மாவுக்குச் சேதி போயிற்று.

பதினாலாம் நாள் தலையைப் படிய வாரிக்கொண்டு போனேன். அழவில்லை, சத்தியமாக. ஊசி போட்டதும் அவள் படுக்கைக்கு ஓடினேன். காலியாக இருந்தது. காலையில்தான் அவள் அம்மா வந்து கூட்டிப்போனாளாம்.

நான் கோள் சொன்னதால்தான் துரத்திவிட்டார்கள் என்று நினைத்து, பதினாலு ஊசிக்கும் சேர்த்து அழுதேன். வலிக்கிறதாக்கும் என்று அத்தை பெப்பர்மின்ட் கொடுத்தாள். வாங்கித் தின்றுகொண்டே அழுதேன்.

இன்றைக்கும் யாராவது முழங்கையால் வாயைப் பொத்திச் சிரித்தால் திரும்பிப் பார்க்கிறேன். நாய் இருக்கும் இடத்தை அவள் கேலிக்குக் கேட்கவில்லை, அந்தப் பதினாலு நாளுக்காகக் கேட்டாள் என்பது அந்த எட்டு வயதுக்கு எங்கே தெரிந்தது.