எங்கள் பையர் வந்த வெள்ளிக்கிழமை

திருப்பூரில் வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் அவர் பையர்தான், அதாவது சரக்கு வாங்குகிறவர். பனியன் ஆர்டர் கொடுக்க வந்திருந்தாலும் சரி, கோயில் பார்க்க வந்து வழி தவறியிருந்தாலும் சரி. "பையர் வர்றாங்க" என்று காதில் விழுந்தால் போதும், கம்பெனியில் காலையிலேயே தரையைக் கழுவுவார்கள், முதலுதவிப் பெட்டிக்குள் புதுப் பஞ்சு வைப்பார்கள், "அவசர வழி" என்று ஒரு போர்டையும் மாட்டுவார்கள். பையர் கார் ஏறியதும் போர்டு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் எங்களுக்கும் ஒரு பையர் வந்தார். எங்களுக்கு என்றால், பட்டன் கடைக்கு மேலே வாடகை மாடியில் இருந்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு. நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. விலங்கியல் படித்திருந்தேன். வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எனக்கு ஒரு நாற்காலியில் உட்காருவது என்றாலே கால் அரிக்கும். வெளிநாட்டு நிதி ஒன்று சென்னையில் இருந்த தொண்டு நிறுவனக் கூட்டமைப்புக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வந்தது. நோயை ஒழிப்பது அரசாங்கத்தால் மட்டும் ஆகிற காரியமில்லை, மக்களோடு புழங்கும் அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று திட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டிருந்தது. மக்களோடு புழங்கும் அமைப்பு! நான்தானே அது என்று, திட்டத்தின் சின்னம் அச்சடித்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் சந்து சந்தாகச் சுற்றினேன்.

வேலை காசநோய் சம்பந்தப்பட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களைக் கண்டுபிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சளிப் பரிசோதனை செய்ய வைக்க வேண்டும். நோய் இருந்தால் மாத்திரை இலவசம். ஆறு மாதம். திங்கள், புதன், வெள்ளி. முக்கியமான விஷயம், மாத்திரையை வேறொருவர் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் அந்த மருந்து கேட்காது. ஆனால் சுகாதார நிலையம் திறக்கும் நேரத்தில் பனியன் கம்பெனியில் மெஷின் ஓட ஆரம்பித்திருக்கும். யார் வேலையை விட்டுவிட்டு மாத்திரைக்கு வரிசையில் நிற்பார்கள்? அந்த இடைவெளியில்தான் நாங்கள் இருந்தோம்.

நான் தினமும் டீ குடிக்கும் கடை ஒரு சந்தின் முனையில், பெரிய கம்பெனி ஒன்றுக்கு எதிரே இருந்தது. கடையை நடத்திய அக்கா பல்லடத்துக்காரர். யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும். பதினோரு மணிக்குக் கம்பெனியில் டீ டைம் பெல் அடித்தால் பெண்கள் சாரிசாரியாக வெளியே வருவார்கள். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஒரு அம்மாவின் இருமலைக் கேட்டேன்.

அவர் செக்கிங் பிரிவில் வேலை. தைத்த பனியனைத் திருப்பிப் பார்த்து ஓட்டை, கறை கண்டுபிடிக்கிற வேலை. நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை, பத்தாவது படிக்கும் மகளோடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார்.

"எத்தனை நாளா இருமறீங்க?" என்றேன்.

"இது பஞ்சு இருமலுங்க அம்மிணி. சாமளாபுரத்துல தறி ஓட்டுனப்போ தின்ன பஞ்சு. அது எங்க போகும்?"

இந்தப் பக்கத்தில் எல்லா இருமலுக்கும் பஞ்சுதான் காரணம். பஞ்சு இல்லாவிட்டால் சாயத் தண்ணி. நான் விடாமல் நச்சரித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சளியில் கிருமி இருந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்.

"வேலைக்குப் போலாமுங்களா?"

"மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரம் லீவு போடுங்க. அதுக்கப்புறம் மத்தவங்களுக்குப் பரவாது, போலாம்னு டாக்டர் சொல்றாரு."

"யாருக்கும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"சத்தியமாச் சொல்ல மாட்டேங்க."

அவருக்குப் பயம் நோயைவிட அதன் பேர்மேல்தான். ஐந்து வீட்டுக்கு ஒரே குழாய். தெரிந்தால் குடத்தை வைக்க விடமாட்டார்கள். கம்பெனியிலோ ஒரு நாள் சூப்பர்வைசர், "நாளைக்கு வர வேண்டாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார். மகளின் படிப்பும் அதோடு போச்சு.

டீக்கடை அக்காவிடம் மட்டும், அந்த அம்மாவின் சம்மதத்தோடு, விஷயத்தைச் சொன்னேன். மாத்திரை விழுங்குவதைப் பார்த்து அட்டையில் குறிக்க ஒரு ஆள் வேண்டுமே.

"டீ குடுக்கற கையால மாத்திரையும் குடுக்கறது. இதுல என்ன கண்ணு கஷ்டம்?" என்றார் அக்கா.

பேர் எழுதிய சிவப்பு மருந்துப் பெட்டி வர்க்கி பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. ஏழு மாத்திரையையும் காகிதத்தில் மடித்து, தண்ணீர் டம்ளரோடு அக்கா நீட்டுவார். அந்த அம்மா மூன்றே மடக்கில் முடித்துவிட்டு டீயைக் கையில் எடுத்துவிடுவார். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. ஒரு மாதத்தில் இருமல் அடங்கியது, முகத்தில் சதை பிடித்தது. ஒண்ணுக்குச் செவப்பாகப் போகிறது என்று ஒருதரம் பயந்துபோய் என் காதில் சொன்னார். மாத்திரை அப்படித்தான் பண்ணும் என்றேன். "மொதல்லயே சொல்றதில்லீங்களா? நான் மூணு நாளாச் சோறு திங்கலை" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் சென்னையிலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. நிதி தரும் இடத்திலிருந்து ஒரு டாக்டர் அம்மா பார்வையிட வருகிறார். மாத்திரை தரும் ஒவ்வொரு இடத்திலும் போர்டு இருக்க வேண்டும், அடியில் எல்லோருடைய சின்னமும் இருக்க வேண்டும், போட்டோ அனுப்ப வேண்டும்.

யோசித்தேனா? இல்லை. எனக்கு ஒரே குஷி. பெயிண்டரைப் பிடித்து, தகரத்தில் நீல எழுத்தில், "காசநோய் மாத்திரை இங்கே இலவசமாக வழங்கப்படும்" என்று எழுதி வாங்கினேன். வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டூல்மேல் ஏறி நானே திருகாணி போட்டேன்.

"இது எதுக்கு கண்ணு?" என்றார் அக்கா.

"நம்ம கடைக்கு ஒரு பெருமைங்க்கா."

"கம்பெனிக்காரங்களும் பையர் வந்தாத்தான் போர்டு மாட்டறாங்க. உங்க பையர் எப்ப வர்றாங்க?"

"அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளிங்க்கா" என்று பெருமையாகச் சொன்னேன். கேலி என்பதே உறைக்கவில்லை.

மறுநாள் வெள்ளி, அந்த அம்மா வரவில்லை. திங்கள் வரவில்லை. புதனும் இல்லை. கடைக்கு வந்த மற்றப் பெண்களில் சிலர் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவந்து டீ வாங்கினார்கள். சிலர் அடுத்த சந்துக்கே போனார்கள். யாருக்கு நோய் என்று சந்துக்குத் தெரியாது. ஆனால் யாரோ ஒருத்தர் இங்கே வந்து மாத்திரை தின்கிறார் என்று போர்டே சொல்லிவிட்டதே. அப்புறம் அந்த அம்மா எப்படிக் கையை நீட்டுவார்?

வெள்ளியும் வராமல் போனதும், கம்பெனிக்கே போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பினேன். அக்கா என் பையைப் பிடித்து இழுத்தார்.

"இந்தப் பையை மாட்டிக்கிட்டு கேட்டுல நிக்கப் போறியா? போர்டு பத்தாதுன்னு நடக்கற போர்டு வேறயா?"

அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது. ஸ்டூல்மேல் ஏறித் திருகாணியைக் கழற்றினேன். போர்டோடு மாடிக்குப் போய் எங்கள் இயக்குநரிடம் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டிய, அதிர்ந்து பேசாத மனிதர்.

"போட்டோவாவது எடுத்தியாம்மா?"

"இல்லீங்க சார்."

போர்டை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "சரி. வர்றவங்ககிட்ட நீயே சொல்லிரு. இங்கிலீஷ்ல."

ஞாயிற்றுக்கிழமை பையில்லாமல், ஸ்கூட்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு லைன் வீட்டுக்கு நடந்தேன். அந்த அம்மா கல்லில் துணி அலசிக்கொண்டிருந்தார். குழாயடியில் வேறு ஆட்கள் இருந்ததால், "வாங்க அம்மிணி, மகளுக்கு ட்யூசன் விசயமா வந்தீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

"போர்டை எடுத்துட்டேங்க" என்றேன். "நாலு தடவை மாத்திரை விட்டுட்டீங்க. இன்னும் விட்டா மருந்து கேக்காமப் போயிருங்க. தப்பு என்னோடது. அதுக்கு நீங்க..."

அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கோபத்திலும் அந்த ஊர் மரியாதை மாறவில்லை. "நீங்க நல்லவிங்கதானுங்க. அதுதான் பயமா இருக்குது."

நான் சொம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்தேன்.

"வாரேன். ஆனா நீங்க அந்தக் கடைப்பக்கம் வரப்படாது. என்னைப் பார்க்கோணும்னு யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வந்தீங்கன்னா அன்னியோட சரி. மாத்திரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

திங்கள் காலை பெர்மிஷன் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு, அன்றைக்கே மாத்திரையைத் தொடர்ந்தார். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் செருப்புக் கடை நிழலில் நின்று பார்த்தேன். சுவரில் திருகாணி போட்ட ஓட்டைகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வாங்கினார்.

ஆனால் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பையர் வருகிறாரே! சென்னைக்குப் போன் போட்டு நேரத்தை மாற்றச் சொன்னேன். சாயங்காலம் விமானம், முடியாது என்றார்கள். டீக்கடையை விட்டுவிடலாமே என்றேன். அதைப் பார்க்கத்தான் வருகிறார் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மெயின் ரோட்டிலேயே காரை மறித்தேன். கதவில் அவ்வளவு பெரிய சின்னம். நரைத்த முடியோடு உயரமான ஒரு வெள்ளைக்கார டாக்டர் அம்மா, கூட்டமைப்பிலிருந்து மொழிபெயர்க்க ஒரு பெண், எங்கள் இயக்குநர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைகளைக் கழற்றச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் என்னை முறைத்தார். டாக்டர் அம்மா ஒன்றும் கேட்காமல் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நடந்தோம்.

சந்தில் நுழைந்ததுமே கம்பெனி கேட்டில் நின்ற சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். வேகமாக வந்தார். "ஏனுங்க, பையருங்களா? எந்தக் கம்பெனிக்குங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெல் அடித்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். கூட்டத்தில் அந்த அம்மா. என்னையும் பக்கத்தில் வெள்ளைக்காரரையும் பார்த்தவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"ஆமாங்க, பையருங்க!" என்று அக்கா கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "பெரிய ஆர்டர் குடுக்கறவிங்களாட்டம் இருக்குது. டீ குடிக்கோணுமாம். சேர் போடுங்க சாமி!"

அவ்வளவுதான். சூப்பர்வைசர் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிவந்து போட்டார். போட்ட வேகத்தில் உள்ளே ஓடினார். "பையர் வெளிய நிக்கறாங்க, கட்டிங் டேபிளைத் தொடைங்க, அந்த போர்டு எங்க?" என்று அவர் கத்துவது எங்களுக்கே கேட்டது. பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த அம்மாவின் வெளியே இருந்த காலோடு மற்றக் காலும் சேர்ந்தது.

அக்கா டம்ளரை நீட்டினார். மூன்று மடக்கு. டீ கைக்கு வந்தது. டாக்டர் அம்மா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"மாத்திரை எங்கே தருவார்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இங்கேதான்" என்றேன் ஆங்கிலத்தில்.

"நோயாளி எப்போது வருவார்?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தன் டீ கிளாசுக்குள் இறக்கிக்கொண்டார். பெண்கள் உள்ளே போகும்வரை தலையைத் திருப்பவேயில்லை. அதற்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

காருக்குத் திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி ஆங்கிலம், மீதிக்கு மொழிபெயர்க்க வந்த பெண். அவரும் இப்போது முறைக்கவில்லை.

"அரை நாள் நடந்தும் மருந்து இருக்கும் இடம் தெரியாமல் ஆட்கள் திரும்பிப்போன ஊர்களை நினைத்து எழுதிய விதி அது" என்றார் டாக்டர் அம்மா. "எழுதும்போது நானும் இருந்தேன். டீக்கடைக்காரர் யாரையும் நாங்கள் கேட்கவில்லை. நீ இதை எழுதிக் கொடு. நான் எடுத்துப்போகிறேன். மாறும் என்று வாக்குத் தரமாட்டேன்."

எழுதிக் கொடுத்தேன், டீக்கடை அக்கா சொல்லச் சொல்ல, இரண்டு பக்கம். அடுத்த வருஷச் சுற்றறிக்கையில் போர்டு பற்றிய வரியின் கடைசியில் "இடத்துக்கு ஏற்றபடி" என்று சேர்த்திருந்தார்கள். அது எங்கள் காகிதத்தால்தானா, தெரியாது. எங்கள் இயக்குநர் மட்டும் அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு என் மேஜையில் வைத்திருந்தார்.

மிச்ச மாதங்கள் முழுக்க நான் செருப்புக் கடை நிழலில்தான் நின்றேன். செருப்புக் கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஒரு ஜோடியாவது வாங்குங்க அம்மிணி" என்றார். வாங்கினேன்.

கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அந்த வாரத்தில் ஒருநாள் டீ டைமில் அந்த அம்மா கடைக்கு வந்தார். காலி மாத்திரை அட்டைகளை ஆஸ்பத்திரியில் கொடுத்தாகிவிட்டது. வர்க்கி டப்பாவுக்குப் பின்னால் சிவப்புப் பெட்டி மட்டும் இருந்தது. அவர் அதைக் கேட்டு வாங்கி, தன் பேர் எழுதிய பக்கத்தைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா பெட்டியை வாங்கி நாலாகக் கிழித்து அடுப்பில் சொருகினார். மேலே பால் பொங்கிவந்தது.

அப்புறம் அந்த அம்மா ரோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்:

"அம்மிணி, அங்க எதுக்கு நிக்கறீங்க? இக்கட்டால வாங்க, டீ ஆறுது."