களத்தில் ஒரு தொலைநோக்கி

எங்கள் தோட்டத்தில் மர நிழல் விழாத இடம் ஒன்றுதான்: காப்பி காயவைக்கும் சிமெண்டுக் களம். மாரமங்கலம் பக்கம் வானம் தெளிவாக இருப்பதும் காப்பிப் பழம் பழுப்பதும் ஒரே மாதங்களில். ஆகவே களத்தில் பாதி என் கணவரின் காப்பிக்கு, பாதி என் தொலைநோக்கிக்கு. அறுவடை மும்முரமானால் முழுக்களமும் அவருக்கு. அந்த வருஷம் எனக்கு மிச்சமிருந்தது ஒரே இரவு. குதிரைத்தலை நெபுலா என்ற விண்மேகத்தை மூன்று வருஷமாக ஒழுங்காகப் படமெடுக்க முடியாமல் நான் வீம்பில் இருந்தேன்.

படமெடுப்பது கம்ப்யூட்டர். நான் படுத்துத் தூங்குவேன். குளிர ஆரம்பித்தால் தொலைநோக்கியின் குழாய் துளி சுருங்கும், ஃபோகஸ் போய்விடும். குழாயோடு டேப் போட்டு ஒட்டிய ஒரு மெல்லிய ஒயர் குளிரை அளந்து சொல்லும். ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் கம்ப்யூட்டர் படத்தை நிறுத்தி, ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, ஃபோகஸைத் திருத்திவிட்டுத் தொடரும். மனுஷர் எழுந்து பார்க்கத் தேவையில்லை என்பதுதான் இதன் பெருமை.

காலையில் பார்த்தேன். முதல் சில படங்கள் அருமை. அப்புறம் நட்சத்திரம் ஒவ்வொன்றும் மெதுவடை, நடுவில் ஓட்டையோடு. நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கிறேன், கம்ப்யூட்டரோ ராத்திரி முழுக்கக் குளிரே இல்லை என்கிறது.

களத்துக்குப் போனேன். டேப் விட்டுப்போன ஒயர் காப்பிக் குவியலுக்குள் போயிருந்தது. சாயங்காலமானால் காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது வழக்கம். பகல் வெயிலை வாங்கிய குவியல் விடியும்வரை கதகதப்பாகவே இருக்கும்.

"ராத்திரி வந்து பாத்தேன், பனியில நனஞ்சு கெடந்துச்சு. பாவமேன்னு உள்ள தள்ளி மூடுனேன்" என்றார் கணவர்.

"அது குளிர்ல கெடந்தாத்தானுங்க குளிருதுன்னு சொல்லும்" என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன். எனக்கு ஆத்திரம் வந்தால் கொஞ்சத்தில் அடங்காது.

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "இன்னைக்குப் பழம் பறிக்க வர்ற ஆளுங்கள நாளைக்கு வரச் சொல்லிட்டேன். இன்னைக்கு ராத்திரியும் களத்த நீயே வெச்சுக்க புள்ள" என்றார். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இதாவது செய்தாரே என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் விடியலில் தொலைநோக்கியை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நட்சத்திரமெல்லாம் ஊசி முனையாக இருந்தது. குதிரை, பிடரி மயிரோடு இருந்தது. அவரைக் கூப்பிட வாசலுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை, ஒரு பகல் முழுக்க விடவில்லை. பழுத்த காப்பிப் பழமெல்லாம் வெடித்துச் செடிக்கடியில் உதிர்ந்தது. முந்தின நாள் பறித்திருக்க வேண்டிய பழம்.

மழை விட்டதும் ஆட்களோடு நாங்களும் குனிந்து சேற்றிலிருந்து பொறுக்கினோம். என்னை ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"படம் தெளிவா வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்க."

"அப்பச் சரி" என்று அடுத்த செடிக்குப் போனார்.