கருவாட்டுக்குப் பக்கத்தில் மண்

கரம்பொன்னில் கருவாடு போடுகிற இன்னாசித்தம்பிக்குத் தன் மச்சாள் மேரிஜோசப்பினின் மேல் வருசக்கணக்காக ஒரு கோபம். கருவாடு வைக்கிற இடத்தில் யாராவது ஈரமண் வைப்பார்களா? அவள் வைத்தாள். வாயகன்ற சட்டிகளில் வேப்பமரத்தடி மண்ணை அள்ளிப்போட்டு, தண்ணீர் தெளித்து, தன் பரணுக்குக் கீழே அடுக்கினாள். கொட்டில் ஒன்றுதான், தகப்பன் விட்டுப்போனது. பாதி அவனுக்கு, பாதி செத்துப்போன தமையனின் பெண்சாதியான அவளுக்கு. நடுவில் பூனை பாயாமல் அடித்த கம்பிவலை மட்டும். அந்த மண்மணம் வலைக்குள்ளால் வந்து மூக்கில் ஏறும். தன் கருவாட்டையும் அவள் ஈரமாக்கிக் கெடுக்கப்போகிறாள் என்று கோயில் வாசலிலும் சங்கக் கூட்டத்திலும் சொல்லித் திரிந்தான்.

இன்னொரு குத்தலும் இருந்தது. வியாபாரி ஏரம்பு இரண்டு பேருடைய சரக்கையும் ஒன்றாக ஏற்றிப்போய், ‘யோசப்பின் கருவாடு’ என்று அவள் பெயரில்தான் யாழ்ப்பாணத்தில் விற்பான்.

மண் வைக்கிற பழக்கம் அவளுக்கு வன்னியில் வந்தது. இடம்பெயர்ந்து கிடந்த காலம். புருசனைக் கடல் எடுத்துவிட்டது, கையில் குழந்தை ஜொய்சி. மண்தரைக் குடிசையில் கருவாடு போட்டாள். மாரியிலும் பூஞ்சணம் பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட்ட முதல் மாரியிலேயே இரண்டு பக்கமும் வெள்ளைவெளேரென்று பூத்தது. அவள் அழவுமில்லை, ஒருவரிடம் கேட்கவுமில்லை. சீமெந்தை உடைக்க ஏலாது, மண்ணை உள்ளே கொண்டுவருவோம் என்று சட்டியைத் தூக்கினாள். அப்படியான பெண். அடுத்த வருசம் இன்னாசித்தம்பி உப்பைக் கூட்டிப் போட்டான். அவன் பக்கமும் பூஞ்சணம் வரவில்லை. அன்றிலிருந்து அவன் வாயில் உப்புப் புராணம்தான்.

போன வருசம் ஜொய்சி லீவில் வந்து நின்றாள். கம்பஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள்.

“சித்தப்பா, மண்ணுக்க கண்ணுக்குத் தெரியாத கிருமியள் இருக்கு. அதுகளில சிலது மணம் மாதிரி ஒண்டைக் காத்தில விடும். அது பட்டால் பூஞ்சணம் வளராது. நடுவில தடுப்பு வைச்ச தட்டில, ஒரு பக்கம் கிருமி, மற்றப் பக்கம் பூஞ்சணம் விட்டுப் பாத்தனாங்கள். ஒண்டையொண்டு தொடேல்லை, காத்து மட்டும்தான் போனது. பூஞ்சணம் படுத்திட்டுது. எல்லா மண்ணும் அப்பிடியில்லை. அம்மாவின்ர மண்ணை இனித்தான் பாக்கவேணும்.”

“கிருமி விட்ட காத்திலயோ என்ர கருவாடு தப்பினது? உதுக்கோ பிள்ளை கொம்மா உன்னைக் கம்பசுக்கு விட்டவ?”

மேரிஜோசப்பின், கடைவாய்ச் சுருட்டை எடுக்காமலே சிரித்தாள். “விடு பிள்ளை. சித்தப்பாவின்ர மூளையில உப்பு ஏறியிட்டுது.”

அந்தச் சிரிப்புத்தான் சுட்டது. அடுத்த கிழமையே கம்பிவலைக்கு மேல் தகரம் அடித்தான், தரையிலிருந்து கூரைவரை. நீக்கல்களுக்குள் சாக்கைக் கிழித்து அடைத்தான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். “உம்மட பக்கம், உம்மட விருப்பம்” என்றாள்.

கார்த்திகை மழை பிடித்தது. அவன் பக்கத்துக் கட்டா மீன் கருவாடு முழுக்கப் பூத்தது. தகரத்தால் காற்றோட்டம் நின்றதோ, மண் காற்று வராமல் நின்றதோ, அவனுக்குத் தெரியாது. அவள் பக்கத்திலும் அதே தகரம்தான், அங்கே பூக்கவில்லை. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஏரம்பு சரக்கேற்ற வருகிற நாள். வருசத்துப் பாடெல்லாம் போகப்போகிறது. போதாததற்கு, உப்பு உப்பு என்று கத்தின வாயை ஊர் சும்மா விடாது. இன்னாசித்தம்பி தேங்காயெண்ணெய்த் துணியால் பூஞ்சணத்தைத் துடைத்துத் துடைத்துச் சாக்கில் போட்டான். அவள் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் பரணிலிருந்து கொஞ்சம் நல்ல கட்டா எடுத்துச் சாக்குக்கு மேலாகப் பரப்பினான்.

தராசு கேட்டு அவள் வந்து நின்றாள்.

“என்ன தம்பி, கருவாட்டுக்கு எண்ணெய் முழுக்கோ?”

“உப்புப் பூத்திருக்கு மச்சாள். அதுதான் துடைக்கிறன்.”

துடைக்காத ஒன்றை எடுத்து உள்ளே விரலை ஓட்டி மணந்தாள். “உப்பு உப்பிடி மணக்காது, தம்பி.”

பிறகு அவள் கண் சாக்குக்குப் போனது. அவள் மீனை முதுகில் கீறுகிறவள், அவன் வயிற்றில். மேலே கிடந்ததெல்லாம் முதுகில் கீறினவை. அவள் ஏசியிருந்தால் அவனும் திருப்பி ஏசியிருப்பான். அவள் அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவன் எண்ணெய்த் துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சனம் தின்னுற சாமான்,” என்றாள் கடைசியில். “ஏத்தாதையும். கிடங்கு வெட்டித் தாட்டுப்போடும்.”

வளவுக்குள் ஆழக் கிடங்கு வெட்டி, தன்னுடையது முழுவதையும் மண்ணுக்குள் தாட்டான். அவளுடையதைத் திரும்பப் பரணில் வைத்தான். ஏரம்பு அவளுடைய சாக்குகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனான். அவள் கேட்ட மற்றக் காரியத்தைச் செய்ய இன்னாசித்தம்பிக்கு முகம் இருக்கவில்லை. வேலிப்பக்கத்தால் தன் வீட்டுக்குப் போய்விட்டான். பிறகும் அவளைக் கண்டால் வேறு ஒழுங்கையால் திரும்பி நடந்தான். நத்தார்ப் பெருநாளுக்கு முன்னம் நெஞ்சுநோ வந்து, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அவள் முடிந்துபோனாள்.

சவப்பெட்டி தூக்கினவர்களில் அவனும் ஒருவன். சேமக்காலையில் ஜொய்சி பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: “ஏரம்பு சரக்கேத்தின அண்டைக்கு, அம்மா பின்னேரம் வரைக்கும் சாப்பிடாமல் உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவவாம்.”

அன்று கொட்டில் வாசலில் திரும்பி நின்று மேரிஜோசப்பின் கேட்டது இவ்வளவுதான்: “தாட்டுப்போட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரை குசினிக்கு வாரும் தம்பி. உமக்கும் சோறு போட்டு மூடி வைக்கிறன்.”