இரண்டும் ஆண்

டெல்லி மயூர் விஹாரில் மீன் வளர்க்கிற தமிழர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் ஜோதிலிங்கம் வீட்டுக்குத்தான் போக வேண்டும். சந்தேகம் எப்போதும் ஒன்றுதான். இது ஆணா, பெண்ணா? சிக்லிட் என்கிற மீன் வகை அப்படி. சிலவற்றில் ஆண் பளபளவென்று இருக்கும், பெண் சாம்பல் பூத்துக் கிடக்கும், பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். இன்னும் சிலவற்றில் இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே கோடு, ஒரே திமிர். கடைக்காரன் "பக்கா ஜோடி, அங்கிள்ஜி" என்று சத்தியம் செய்து பையில் கட்டிக் கொடுத்துவிடுவான். வில்லங்கம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஜோதிலிங்கம் ஈரத்துணியில் மீனை மல்லாக்கப் பிடித்து, வயிற்றின் அடியில், வாலுக்கு முன்னால், லென்ஸ் வைத்துப் பார்ப்பார். அங்கே இரண்டு துளைகள் இருக்கும். இரண்டும் ஒரே அளவில் சின்னதாக இருந்தால் ஆண். வால் பக்கத்துத் துளை அகலமாக இருந்தால் பெண். மீன் மூச்சுத் திணறுவதற்குள் தண்ணீரில் விட்டுவிடுவார். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்த கண். அதற்கு இதெல்லாம் தூசு.

கோவில்பட்டிக்காரர். குமாஸ்தாவாக வந்து, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பாதி ஆயுளைக் கழித்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வுபெற்று, இந்த ஃப்ளாட்டுக்கு வந்தார். மனைவி செல்வி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் நரேன் கனடாவில்; ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், "சாப்டீங்களாப்பா" என்பதற்கு மேல் அவனுக்கும் தமிழ் ஓடாது, அவருக்கும் விஷயம் ஓடாது. மற்றபடி பால்காரனிடம் இந்தி, வேலைக்காரியிடம் இந்தி, மீன்களிடம் தமிழ். ஒரு நாளைக்கு மனுஷரிடம் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வார். சுத்தப் பொய்.

போன நவம்பரில் மூடி போட்ட பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு சிவகுமார் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, பொதுத்துறை நிறுவனத்தில் இன்ஜினியர், சங்கரன்கோவில் பக்கம். மாற்றலாகி வந்து நாலு மாதம். வசுந்தரா என்க்ளேவில் தனியாக ஒரு அறை. மகள் சுபிக்‌ஷா பிளஸ் டூ என்பதால் குடும்பம் ஊரிலேயே இருக்கிறது. வீடியோ காலில் மகளுக்குக் காட்ட வாங்கியதாம் இந்த நீலமும் கறுப்புமான வரி மீன் இரண்டும். இந்த வகையில் தாய் மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்து வளர்க்கும் என்று அவள் எங்கோ பார்த்துவிட்டாள். லீவுக்கு வரும்போது அதை நேரில் பார்க்க வேண்டுமாம். ஆக, இது ஜோடிதானா என்று தெரிய வேண்டும்.

ஜோதிலிங்கம் லென்ஸை வைத்தார். முதல் மீன் ஆண். இரண்டாவதும் ஆண். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்கிற மாதிரி அவ்வளவு தெளிவு. அவர் தொட்டியிலேயே அதே வகையில் மூன்று பெண் மீன்கள் இருந்தன. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டால் கதை முடிந்தது. முடிந்துவிடுமே என்பதுதான் கஷ்டம். சிவகுமார் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டிருந்தார். இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்திருந்தார். செல்வி போன பிறகு அந்த வீட்டில் யாரும் இரண்டாவது காபி கேட்டதில்லை.

"இன்னும் பருவத்துக்கு வரலை தம்பி. ஒரு மாசம் கழிச்சுக் கொண்டாங்க, சரியாச் சொல்லிருதேன்" என்றார்.

சின்ன மீன்களுக்கு அவர் நியாயமாகவே சொல்கிற பதில்தான் அது. அதனால் பொய் சொன்ன மாதிரியே தெரியவில்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். இவர் ஒரே பொய்யில் ஒரு கல்யாணத்தை நிறுத்தி வைத்தார்.

டிசம்பரில் சிவகுமார் வாளியோடு சாத்தூர் காரச்சேவும் கொண்டுவந்தார். ஜோதிலிங்கம் அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டு, நாற்காலியில் கிடந்த பழைய செய்தித்தாளையெல்லாம் அகற்றி, பூண்டு ரசம் வைத்திருந்தார். மீனைப் பார்த்தது ஒரு நிமிஷம், பேசியது மூன்று மணி நேரம். இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று மறுபடி சொன்னார். அந்த வாரம் முழுக்க அவருக்கு முழங்கால் வலிகூட மட்டுப்பட்டிருந்தது.

ஜனவரிக் குளிரில் வாளியைப் போர்வையால் சுற்றி எடுத்துவந்தார் சிவகுமார். ஒரு மீனுக்கு வால் கிழிந்திருந்தது. இரண்டு ஆண்களை இரண்டடித் தொட்டிக்குள் போட்டால் என்ன ஆகும் என்று ஜோதிலிங்கத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். இப்போது சொன்னால் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்து, கல்லைக் கூட்டி அடுக்குங்கள், ஒளிய இடம் இருந்தால் சரியாகப் போகும் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை கட்டாயம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவும் செய்தார். கோழைகளுக்கு அடுத்த தடவை என்று ஒன்று எப்போதும் இருக்கும்.

பிப்ரவரி முதல் வாரம், வியாழக்கிழமை காலை சிவகுமாரிடமிருந்து போன் வந்தது. வால் கிழிந்த மீன் செத்துவிட்டதாம். மற்றதற்குப் பயந்து ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக் கிடந்ததாம். சிவகுமார் யாரையும் குறை சொல்லவில்லை. நீங்கள் சொன்னபடி கல்லெல்லாம் அடுக்கினேன், எனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை, பாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். திட்டியிருந்தால் ஜோதிலிங்கத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஆட்டோ பிடித்து வசுந்தரா என்க்ளேவுக்குப் போனார். தன் தொட்டியிலிருந்து ஒரு மீனைப் பிடித்துப் போகலாமா என்று யோசித்து, அது லஞ்சம் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டார். அறையில் ஒரு கட்டில், ஒரு சூட்கேஸ், ஜன்னலோரம் தொட்டி. அதில் ஒற்றை மீன், கல்லுக்குக் கல் சுற்றி வந்துகொண்டிருந்தது. உட்காருங்கள் என்று சொல்லியும் அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி வரும், காபி வந்தால் சொல்ல முடியாது.

"ரெண்டும் ஆண்தான் தம்பி. மொத நாளே பாத்துட்டேன்."

சிவகுமார் தொட்டியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அப்பொறம் ஏன் அண்ணாச்சி சொல்லலை?"

"சொல்லிட்டா நீங்க வர மாட்டீங்கள்லா."

சிவகுமாருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. களைத்துப்போனவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்தார்.

"மீன் இல்லாட்டியும் வந்திருப்பேனே அண்ணாச்சி. எனக்கு மட்டும் இங்க யாரு இருக்கா?"

தன்னைப் பார்ப்பதற்கென்று ஒரு மனுஷன் வருவான் என்பது ஜோதிலிங்கத்துக்குத் தோன்றியதே இல்லை. கேள்வி இருந்தால் வருவான், பதில் கிடைத்தால் போய்விடுவான் என்றே நினைத்துப் பழகிவிட்டார். மன்னிப்புக் கேட்டார். சிவகுமார் பரவாயில்லை என்றார், தெரு முனை வரை கூட வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த மாதமும் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஜோதிலிங்கம் இரண்டு தடவை போன் செய்தார். ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று பதில் வந்தது.

மார்ச் கடைசியில் மதுரைக்காரர் ஒருவர் பாலிதீன் பையில் ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். ஜோதிலிங்கம் பார்த்தார், ஒன்று ஆண், ஒன்று பெண் என்று உடனே சொன்னார். உள்ளே வந்து ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கெஞ்சுகிற மாதிரி கேட்டார். வந்தவர் நன்றி சொல்லி, அதுதான் தெரிந்துவிட்டதே சார் என்று சிரித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிறங்கிப் போனார்.