எண்பத்தாறு, எண்பத்திரண்டு

நான் எலும்பு டாக்டர். கையில் தட்டுப்படுவதைத்தான் நம்புவேன். அதனால்தான் இதை வெளியே சொல்ல இத்தனை நாள் தயங்கினேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். எடுத்த அளவுகள் இன்னும் என் நோட்டில் இருக்கின்றன.

எலும்பு சிறப்பு மருத்துவத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். மூன்றாவது தடவையும் போனால் அவ்வளவுதான், அதற்குமேல் உட்கார விடமாட்டார்கள். எழுத்துத் தேர்வு எனக்குத் தண்ணி பட்ட பாடு. நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும்போதுதான் சொதப்புவேன். வலிக்கும் இடத்தை அழுத்தும்போது கண் அவர் முகத்தில் இருக்க வேண்டும். முகம் சுளித்தால் கையை எடுக்க வேண்டும். இது அரிச்சுவடி. என் கண்ணோ காலை விட்டு நகராது. போன தடவை ஒரு பெரியவரின் இடுப்பை அழுத்தினேன். அவர் அலறிய பிறகுதான் கையை எடுத்தேன். தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"வீட்லயும் அதே கதைதானே," என்றாள் மனைவி. "என் முகத்தைப் பாத்து எப்பப் பேசினீங்க?"

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. மாலை 6.35. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு வார்டில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றினேன். அளந்து பழக ஒரு இடுப்புக் கேஸ் வேண்டும். என்னைப் போல இன்னும் ஐந்து பேர் அங்கே அலைந்ததில் நோயாளிகளுக்கு அலுத்துவிட்டது.

"காலைலேர்ந்து அஞ்சு பேர் அளந்துட்டாங்க. நீங்க அளந்தா மட்டும் வளந்துடப் போகுதா?" என்றார் ஒருவர்.

6.41. வார்டுக் கோடியில் இருந்த சின்ன அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்க வாங்க டாக்டர். நான் இருக்கேன்."

உள்ளே விளக்கு இல்லை. நடைபாதை வெளிச்சம் மட்டும். பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. ஒரே ஒரு கட்டில். வழக்கம்போல் நேராகக் கால்மாட்டுக்குப் போனேன்.

பாதம் சில்லென்று இருந்தது. மேல்புறத்தில் நாடி பார்த்தேன். கிடைக்கவில்லை. பதற்றத்தில் என் விரல்தான் மரத்துவிட்டது என்று நினைத்தேன். பாவி, அப்போதாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

6.48. இடுப்பெலும்பு முனையிலிருந்து உள்கணுக்கால் வரை அளக்க வேண்டும். கை நடுங்கியதில் டேப்பின் மேல் முனை வழுக்கியது.

"நான் புடிச்சுக்கறேன்."

ஒரு கை வந்து பிடித்தது. வலது 86. இடது 82 சென்டிமீட்டர். எழுதிக்கொண்டேன்.

"போன தடவையும் நான்தான் புடிச்சேன்."

காலையில் அளந்தவர்களைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இடது தொடை மடிப்பில் விரலை வைத்து அழுத்தினேன்.

"வலிக்குதா?"

இன்னும் அழுத்தினேன்.

"முகத்தைப் பாத்தாதானே தெரியும்..."

குரல் என் காதருகில் கேட்டது.

"இந்தத் தடவையும் பாக்கலையே, டாக்டர்..."

கழுத்து திரும்பவில்லை. பயம். அப்பட்டமான பயம்.

7.00. பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தது.

என் கைக்கடியில் இருந்த இடுப்பு... இல்லை.

சர்ர்ர்... டேப் என் விரல்களிலிருந்து உருவப்பட்டது.

ஓடினேன்.

மறுநாள் காலை சிஸ்டரிடம் கேட்டேன்.

"அந்த ரூம்ல பேஷன்ட்டா? பெயின்ட் அடிக்கக் கட்டிலை எல்லாம் வெளிய எடுத்து மூணு நாளாச்சே," என்றார்.

அறை காலியாக இருந்தது. தரையில் என் டேப் நேராக நீட்டிக் கிடந்தது.

தேர்வில் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேறினேன். அதே தேர்வாளர்தான். முடிவு வந்த பிறகு அவர் அறைக்குப் போய், போன தடவை வந்த பெரியவரைப் பற்றிக் கேட்டேன். அவர் பழைய கோப்பைத் தேடி எடுத்தார்.

"உன் கை நடுங்கினப்ப டேப்பைப் புடிச்சுக்கிட்டாரே, அவரா? பாவம், நல்ல மனுஷன். பரீட்சை முடிஞ்ச ஒன்பதாம் நாள் போயிட்டார். நம்ம வார்டுக் கோடியில இருக்கற சின்ன ரூம்லதான்."

கோப்பை வாங்கிப் பார்த்தேன். வலது 86. இடது 82.

முகம் எப்படி இருந்தது என்று மனைவி கேட்டாள். இரண்டு முறை சந்தித்தும் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து யாரைத் தொட்டாலும் முதலில் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். ஒருவரைத் தவிர.

போன வாரம், மாலை 6.48. கால் அளக்கக் குனிந்திருந்தேன். நான் கேட்காமலே ஒரு சில்லென்ற கை வந்து டேப்பின் மேல் முனையைப் பிடித்துக்கொண்டது.

நான் நிமிரவில்லை.