அம்மா செய்த மண்

புளித்துப்போன ரப்பர்ப் பால் தண்ணீரும் அடுப்புச் சாம்பலும் நெத்திலித் தலையும் ஒன்றாகச் சேர்ந்து வெயிலில் வேகும்போது எழும் வாடையை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள். முகர்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் படிப்பீர்கள். மலாயாவில், ஜொகூரின் கூலாயிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில், எங்கள் வீட்டின் பின்புறம் அம்மா வெட்டி வைத்திருந்த குப்பைக்குழியிலிருந்து அந்த வாடை புறப்பட்டு, காற்று திரும்பும் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு நலம் விசாரித்துக்கொண்டு போகும். பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "உங்கம்மா குழியில என்னத்தடி புதைச்சு வச்சிருக்கா, பொணத்தையா?" என்று என்னைக் கேட்பார். அவர் சொந்த அத்தையல்ல. அம்மாவும் அப்பாவும் வந்த அதே கப்பலில் வந்தவர் என்ற உறவுதான். அவர் சொன்னதை நான் ஓடிப்போய் அம்மாவிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பேன். எனக்கு அப்போது அதைவிட நல்ல பொழுதுபோக்கு இருக்கவில்லை.

தோட்டத்தில் அந்தக் காலத்தில் எதையும் சுலபமாகக் குப்பை என்று சொல்லிவிட முடியாது. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் வாளியாகும். அது ஓட்டையானால் கோழிக்கூட்டுக்குக் கதவாகும். "டின் பால்" வாங்கிய டின்னில் கம்பியை வளைத்துக் கைப்பிடி வைத்தால் அதுதான் அப்பாவின் கோப்பி மங்கு. கிழிந்த சேலை முதலில் தொட்டிலாகும், பிறகு அடுப்படித் துணியாகும், கடைசியில் விளக்குத் திரியாகி எரிந்தே போகும். இவை எல்லாவற்றிலும் தேறாமல் மிஞ்சியது எதுவோ அதுதான் அம்மாவின் குழிக்குப் போகும். வாழைப்பழத் தோல், மீன் செதிள், இற்றுப்போன கோணி, லயத்து வாசலில் கூட்டிய சருகு, மாட்டுக்காரரிடம் கெஞ்சி வாங்கிய சாணம், அதற்கு மேல் ஒரு பரப்புச் சாம்பல். சாம்பலுக்கு நான்தான் பொறுப்பு. காலையில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அடுப்பை வழித்து வருவேன். பதிலுக்கு அம்மா அவர்களுக்கு ஒரு கைப்பிடி கீரை கொடுப்பார். பையன்கள் எனக்குச் "சாம்பல்காரி" என்று பட்டம் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் பிற்பாடு என் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு வந்து, கல்யாணப் பந்தியில்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டான்.

அம்மா மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போவார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. காட்டிலிருந்து வரும் ரப்பர்ப் பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட்டு கலந்து உறைய வைத்து, உறைந்த கட்டியை மெஷினில் கொடுத்துத் தகடு தகடாக "சீட்டு" எடுப்பது. இருவருமாக வேலை செய்து, சோற்றுக்குக் குறையில்லாமல்தான் இருந்தோம்.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. அது எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. விடியுமுன் "பெரட்டு"க் களத்தில் பெயர் கூப்பிடும்போது சிலருடைய பெயர் வராது. எங்களுக்குத் தெரிந்த விலைவீழ்ச்சி அதுதான். பெயர் வராதவர்களைக் குடும்பத்தோடு லாரியில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அழுதுகொண்டு போனவர்களும் உண்டு, விட்டது தொல்லை என்று சிரித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் பேச்சே நின்றுபோனது. நானோ, கப்பல் பார்க்கலாம், ஊருக்குப் போகலாம் என்று வாசலில் குதித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை அத்தைதான் வந்து என் வாயைப் பொத்தினார்.

"ஊருக்குப் போனா உங்கப்பனோட உன் மாமனுங்க அருவாளாலதான் பேசுவானுங்க. ஆகாத சாதிக்காரனோட ராவோட ராவா ஓடியாந்தவடி உங்கம்மா. இனிமே ஊருன்னு வாயத் தொறந்தே, பல்லத் தட்டிப்புடுவேன்."

அன்றுவரை ஊர் என்பது எனக்கு மாமரமும் திருவிழாவுமாகத்தான் இருந்தது. அதற்கு அரிவாளும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கப்பல் ஆசை அத்தோடு போயிற்று.

கொஞ்ச நாளில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு வழி சொன்னார். ஓடையோரத்துப் பள்ளக்காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, மிச்சமிருந்த குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். தீபாவளிக்குள் யார் தங்கள் காய்கறியைத் தாங்களே விளைத்துக்கொள்கிறார்களோ அவர்கள் அரை வேலையோடு தோட்டத்தில் இருக்கலாம். விளைக்காதவர்கள் கப்பலேற வேண்டியதுதான் என்று தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணி பெரட்டுக் களத்தில் நின்று கத்தினார். அப்பா அன்று வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல், மண்வெட்டியைத் தீட்ட உட்கார்ந்தார்.

எங்களுக்குக் கிடைத்த துண்டு வெறும் செங்களி. மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் பாளமாகும். குழி எருவைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் பழைய எருவெல்லாம் வீட்டுப் பின்புறத்துக் கத்தரிக்கும் கருவேப்பிலைக்கும் போயிருந்தது, குழியில் இருந்ததோ அம்மாவின் பேச்சில் "பாதிதான் வெந்தது." அதைப் போட்டால் வேர் கருகும் என்று தொட மறுத்துவிட்டார். நாற்று நட்டாயிற்று, நாளோ ஓடுகிறது. அப்போதுதான் ஒரு மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன அம்மாவின் கண்ணில் ஸ்டோர்க் கால்வாய் பட்டது. ரப்பர்ப் பால் உறைந்தபின் மிஞ்சும் வெள்ளைத் தண்ணீர் அதில் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் மோர்ப் பானை கழுவிய தண்ணீர் நேராகக் கருவேப்பிலைக்குத்தான் போகும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"பாலு உறைஞ்சு நிக்கிற தண்ணிதானங்க இதுவும்? மோருத் தண்ணிக்குக் கருவேப்பிலை எப்படித் தழையுது!" என்றார் அம்மா.

"ஆசிட்டு கலந்திருக்கு புள்ள."

"எம்புட்டு?"

"தொட்டிக்கு ஏதோ கொஞ்சம்."

"அம்மாம் பெரிய தொட்டிக்குக் கொஞ்சம்னா, அது செடிய என்னங்க செஞ்சிடும்?"

யோசித்துப் பார்த்தால் அப்பாவுக்கும் அது சரியாகவே பட்டது. சீனக் காய்கறிக்காரருக்கோ மலாய்க்காரருக்கோ இந்த யோசனை தோன்றியிருக்காது. தயிர் உறைவதையும், மோர் ஊற்றிய கருவேப்பிலை கொழுப்பதையும் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி மோசம்போக வரும். அன்று சாயங்காலமே அப்பா காண்டாக் கம்பின் இருபுறமும் தகரத்தைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்தார். வெண்டை, கத்தரி, பயறு, மிளகாய் என்று ஒரு செடி விடாமல் ஊற்றினோம். நானும் என் பங்குக்குச் சிரட்டையால் ஊற்றினேன். முதலில் இலை கொஞ்சம் கறுத்துப் பச்சையானது போலிருந்தது. அம்மாவுக்கு வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! மறுநாளும் ஊற்றினோம், அதற்கு மறுநாளும் ஊற்றினோம்.

பிறகு இலை ஓரத்தில் பழுப்பு ஏறியது. தண்டு துவண்டது. வார முடிவில் எங்கள் துண்டு, தீயில் வாட்டி எடுத்ததுபோல் கிடந்தது. பக்கத்துத் துண்டுகளில் கீரை முழங்கால் உயரம் நின்றது.

அம்மா அழவில்லை. வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையைவிட அதுதான் பயமாக இருந்தது. பிறகு எழுந்து கருகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து குழியில் போட்டார். எங்கே போனாலும் கேலிக்கு ஆள் தேடும் அஞ்சலை அத்தை அன்று தன் கோழிக்கூட்டைக் கூட்டி அள்ளி, முறத்தோடு கொண்டுவந்து குழியில் கொட்டிவிட்டுப் போனார். புளிப்பைச் சாம்பல் முறிக்கும் என்று அப்பா, சீட்டைப் புகையில் காயவைக்கும் புகைக்கூடத்துச் சாம்பலைக் கோணியில் சுமந்து வந்தார். "செடி குடிக்காட்டி என்ன, குழி குடிக்கட்டும்" என்று அம்மா பால் தண்ணீரையும் அதன்மேல் ஊற்றி, சாம்பலைத் தூவி, தினமும் கிளறிவிட்டார். நான் முதலில் சொன்ன வாடை அப்போது பிறந்ததுதான். அம்மா ஏதோ பிடிவாதத்தில் செய்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

தீபாவளி கழித்துத் துரை, பெரிய கிராணியோடு பள்ளக்காட்டைப் பார்க்க வந்தார். எங்கள் துண்டில் இரண்டு மிளகாய்ச் செடி மட்டும் உயிரோடு நின்றது. "இவங்க ஒன்னும் போடல சார்" என்று கிராணி முடித்துவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். துரை எதிரே வந்தால் சாக்கடைப் பக்கம் ஒதுங்கி முதுகைக் காட்டி நிற்கிற அம்மா, அன்று நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"தொரே, ஒரு தடவ எங்க லயத்துப் பக்கம் வந்து பாத்துட்டுப் போங்க."

கிராணி கையை ஓங்கிக்கொண்டு விரட்டினார். துரைக்கு என்ன தோன்றியதோ, நடந்தார். குழியருகே போனதும் அம்மா மண்வெட்டியை எடுத்து ஒரே போடாகப் போட்டு, மேல்மூட்டத்தைப் புரட்டினார். உள்ளே கன்னங்கரேலென்று, உதிரி உதிரியாக, ஒரு வாடையும் இல்லாமல் மண் இருந்தது. அதில் இரு கை நிறைய அள்ளித் துரையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"செடி போச்சு தொரே. மண்ணு இருக்கு. நான் செஞ்ச மண்ணு. தைப்பூசம் வரைக்கும் விடுங்க."

துரை கைத்தடியைக் குழியில் குத்தினார். அது தயங்காமல் இறங்கியது. எடுத்துப் பார்த்தார், மறுபடி குத்தினார். "சரி, தைப்பூசம் வரைக்கும் இரு. அப்புறம் பாக்குறேன்" என்றார். கிராணிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அதன்பின் அந்தக் குழியையே இடம் மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். தகரம் தகரமாக, கூடை கூடையாகப் பள்ளக்காட்டுக்குச் சுமந்தோம். வருஷக் கடைசி மழை ஜொகூரில் எப்படிக் கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மண்ணை அடித்துக்கொண்டு போய்விடாமலிருக்க அம்மா பாத்தியை உயர்த்திக் கட்டி, மரத்தில் பால் பிடிக்க மாட்டுகிற "மங்கு"களில் உடைந்தவற்றைப் பொறுக்கி வந்து, சுற்றிலும் பல்வரிசைபோல் நட்டார். முதலில் கீரை வந்தது. பயறு கொடி ஓடியது. நாங்கள் விதைக்காத பூசணி ஒன்று, குழி எருவோடு வந்த விதையிலிருந்து கிளம்பி, கேட்பாரில்லாமல் வரப்பெல்லாம் படர்ந்து காய்த்தது. தைப்பூசத்துக்கு முன்னால் துரை வந்தார்; அந்தப் பூசணியைத் தடியால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் விடியுமுன் பெரட்டுக் களத்தில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா ஓடிவந்து சொன்னபோதுதான் அம்மா அழுதார். அடுப்படியில் உட்கார்ந்து, சத்தம் போட்டு, லயத்துக்கே கேட்கும்படி அழுதார்.

அந்த மாதமே அஞ்சலை அத்தையின் புருஷனுக்குப் பெயர் வராமல் போனது. அவருக்கு நெஞ்சுச் சளி. மண்வெட்டி பிடிக்கத் தெம்பில்லை. அத்தை லாரியில் ஏறும்போது கோழிகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, "இனிமே உன் குழி நாத்தத்துலேர்ந்து எனக்கு விடுதலை" என்று சொல்லிச் சிரித்தார். லாரி திரும்பும்வரை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். அத்தையை நாங்கள் பிறகு பார்க்கவில்லை. அவர் இல்லாத லயம் எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் இருந்தோம். ரப்பர் விலை ஏறியது, ஜப்பான்காரன் சண்டை வந்து போனது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அந்தப் பள்ளக்காட்டுத் துண்டை மட்டும் அம்மா விடவில்லை. வருஷா வருஷம் குழியை வெட்டி அதில் போட்டு, செங்களியாக இருந்ததைக் கை வைத்தால் முழங்கைவரை இறங்கும் கரிசலாக்கி வைத்திருந்தார். பிற்பாடு தோட்டத்தைக் கூறுபோட்டு விற்றார்கள். எனக்குப் பிறகு பிறந்த தம்பி ஸ்கூடாயில் வீடு வாங்கி அம்மாவை அழைத்துக்கொண்டான். சாமான் ஏற்றும் அன்று, கோணிகளில் மண்ணைக் கட்டி வாசலில் வரிசையாக வைத்திருந்தார் அம்மா. லாரியில் இடமில்லை. இடமிருந்தாலும் புது வீட்டில் முன்னும் பின்னும் சிமெண்டுத் தரை. கொட்ட ஒரு சாண் மண்தரை இல்லை. தம்பி பக்குவமாக எடுத்துச் சொன்னான். அம்மா தலையை ஆட்டிவிட்டு, கோணிகளை அவிழ்த்து, பாத்தியிலேயே திரும்பக் கொட்டிவிட்டு வந்து லாரியில் உட்கார்ந்தார்.

ஸ்கூடாய் வீட்டில் பல நாள், வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நிற்பார். அவர் வாட்டத்தைப் பார்த்துத் தம்பி ஒருநாள் கேட்டான்: "ஒருக்கா ஊருக்குப் போயிட்டு வரலாமாம்மா? இப்ப அங்க யாரு அருவாள தூக்கப் போறா? நீங்க பொறந்த மண்ண ஒரு தடவ மிதிச்சிட்டு வாங்களேன்."

"அந்த மண்ணு எனக்கு எதுக்குப்பா?" என்றார் அம்மா. "நான் செஞ்ச மண்ணையே எடுத்துட்டு வர முடியல."



இப்போது அம்மாவும் இல்லை. என் வீட்டில் கறுப்புப் பையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வாசலில் வைத்தால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. எங்கே போகிறது என்று நான் கேட்பதில்லை. போன மாதம் பேரனோடு கூலாய்ப் பக்கம் காரில் போனேன். ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை; லயம் இல்லை, ஸ்டோர் இல்லை, ஓடையைக்கூடத் திருப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. நெடுஞ்சாலையின் இருபுறமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைதான். நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று பார்த்தேன். "எங்க, பாட்டி?" என்றான் பேரன். இங்கே என்றும் காட்டினேன், அங்கே என்றும் காட்டினேன். அம்மா செய்த மண் அந்த மரங்களில் ஏதோ ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. எந்த மரம் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.