அடுப்பில் போட்ட மாத்திரை

அந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும் இன்னதென்று அம்மாவிடம் சொல்லிவிட்டவர், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாமி. எங்கள் தோட்டத்து லயத்தில் கல்யாணமான பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்றால் மிட்வைப் மிஸ்ஸி கொடுப்பது அதைத்தான். எனக்கோ கல்யாணமே ஆகவில்லை.

நான்கு மாதமாகத் தீட்டு வரவில்லை என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் பார்த்த சிங்கள டொக்டரம்மா, சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருக்கின்றன, பயப்பட வேண்டாம் என்றார். சீனியையும் மாவையும் குறைக்கச் சொன்னார். தினமும் நடக்கச் சொன்னார். விடிந்ததிலிருந்து மலையில் ஏறி இறங்கி மரத்துக்கு மரம் ரப்பர் பால் வெட்டுகிறவளிடம் நடக்கச் சொல்கிறாரே என்று சிரிப்புத்தான் வந்தது. தீட்டு ஒழுங்காக வருவதற்கு இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்தார். தாடையில் முளைக்கிற முடியும் குறையும் என்றார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், அட்டை அடுப்பில் கருகிக் கிடக்கிறது.

"யாருடி அவன்?" என்றார் அம்மா.

நோய்க்குக் கொடுத்த மருந்து என்று சொன்னேன். கிளினிக் துண்டைக் காட்டினேன். அதில் இருந்தது இங்கிலீஷ்.

"மாமி பொய்யா சொல்றாங்க? அவங்களே அஞ்சு வருஷம் முழுங்குனவங்க."

பெற்ற மகளை நம்பவில்லை, மாமி முழுங்கிய ஐந்து வருஷத்தை நம்பினார். துண்டையும் பிடுங்கி ஒளித்துவைத்தார். மறுபடி கிளினிக்குக்குப் போகவும் விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தீட்டு வந்தது. வந்தது நிற்கவில்லை. பதினெட்டாம் நாள் பால் வாளியோடு மலையிலேயே விழுந்தேன். வார்டில் எனக்கு இரத்தம் ஏற்றினார்கள். மாத்திரை ஒழுங்காகக் குடித்தேனா என்று டொக்டரம்மா கேட்டதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

"நான்தான் எரிச்சேன், நோனா," என்றார் அம்மா, டொக்டரம்மாவைப் பார்த்து. அது இந்த நோய்க்கான மருந்துதான் என்று டொக்டரம்மா சொன்னதையும் நானே தமிழில் சொன்னேன். அம்மா அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே மாமி பிஸ்கட் பெட்டியோடு வந்தார். நரம்பில்லாத நாக்கு. நான் படுத்திருக்கிறேன் என்றும் பார்க்காமல் கேட்டார்:

"கலைச்சாச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். எல்லாம் தெரிந்த அம்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மாமிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.